இன்னாத்துக்கு மங்கையும் தாய்க்கோழியும்

எண்ணூர்க் குப்பத்தில் அந்தக் காலத்தில் மங்கை என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி நெட்டை மங்கை. இன்னொருத்தி கோடி வீட்டு மங்கை. மூன்றாமவளுக்கு உடம்பை வைத்தோ வீட்டை வைத்தோ அடையாளம் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. வாயைத் திறந்தால் முதலில் வந்து விழும் சொல்லே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. இன்னாத்துக்கு மங்கை என்றால் எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் தெரியும்.

எதைப் பார்த்தாலும் அவளுக்குக் காரணம் வேண்டும். ரயில்வே கேட்டில் கொடி காட்டுகிறவரிடம் போய், "பச்சைக்குத்தான் வண்டி போவும்னு இன்னாத்துக்கு வச்சாங்க, மஞ்சளுக்குப் போவாதா?" என்று கேட்டாள். அந்த மனிதர் யோசித்துக்கொண்டே நின்றதில், வண்டி போன பிறகும் கேட்டைத் திறக்க மறந்துவிட்டார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம், எல்லாம் ஒரே கடல் தண்ணீர்தானே, ஒரு பாத்தியில் உப்பு வெள்ளையாகவும் பக்கத்துப் பாத்தியில் பழுப்பாகவும் இன்னாத்துக்குப் பூக்கிறது என்பாள். பதில் கிடைத்தாலும் விடமாட்டாள், அந்தப் பதிலுக்கும் ஓர் இன்னாத்துக்கு உண்டு. தாலி கட்டும் நேரத்தில், மேளத்தை இம்மாம் சத்தமாக இன்னாத்துக்கு அடிக்கிறார்கள் என்று மணவறையிலிருந்தே கேட்டவள் அவள்.

அந்தத் தாலியைக் கட்டிய குமாரவேல் கட்டுமரம் தள்ளிக் கடலுக்குப் போகிறவர். கடவுள் பார்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்திருக்க வேண்டும். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். கேள்வி என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. சோறு போட்டால் தின்பார், வலை கிழிந்தால் தைப்பார், மனைவி கேட்கிற கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரே மகளைப் பழவேற்காட்டில் கட்டிக் கொடுத்த பிறகு, அந்த வீட்டில் பேசுவதற்கு மங்கையும் அவளுடைய கோழிகளும்தான் மிச்சம்.

குப்பத்துக் கோழிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் கோழிக்குத் தீனி வைப்பதில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. வலையை உதறினால் விழுகிற பொடிமீன், கருவாடு போடும் இடத்தில் எறிகிற குடல், இறால் தலை, நண்டு ஓடு என்று வருஷம் முழுக்க விருந்துதான். டவுன் கோழி தவிட்டுக்குத் தவித்து எலும்பும் தோலுமாக நிற்கிற வயசில், குப்பத்துக் கோழி கழுத்து தடித்து, பளபளவென்று உருண்டு திரியும். குப்பத்துக்காரர்களுக்கு அதில் பெருமை தாங்காது. மங்கைக்கு எல்லாரையும் விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அரிசிக்கு இருந்த ரேஷனை எடுத்துவிட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம் இந்தக் கதை நடந்தது. மங்கை மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தேரடிப் பக்கம் வீடு வீடாகப் போவாள். அங்கே மளிகைக்கடை வைத்திருந்தவர் தங்கப்பாண்டி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, கடைக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு இருந்தார். குடும்பம் என்றால் அவரும் மனைவி செல்லக்கனியும் மட்டும்தான். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. தன்னைவிடச் சின்னவரானாலும் மங்கையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

செல்லக்கனி மங்கையிடம் மீன் வாங்கப் பழகி, பிறகு மீன் வாங்காத நாளிலும் பேசப் பழகிவிட்டாள். மெட்ராஸுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். மங்கைக்கு அவள் பேச்சில் பாதி புரியாது. அதனால் என்ன? புரியாததைக் கேட்பதற்கென்றே பிறந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது பேச்சுக்கா பஞ்சம்!

ஒருநாள் மங்கை கூடையை இறக்கியதும் செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மூன்றாம் மாதம். மீன் வாடை ஆகவில்லை. சோறு ஆகவில்லை. எதுவுமே ஆகவில்லை.

"இன்னாதான் துன்னத் தோணுது கனிம்மா? சொல்லு, நான் எட்தாரேன்."

"எங்கம்மா கோழிக்கறி வைப்பா பாருங்கக்கா, மிளகு வறுத்து அரைச்சு... அது ஒரு வாய் கிடைச்சா போதும். ஆனா அம்மாதான் இல்லையே." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

மெல்ல மெல்ல மிச்சமும் வெளியே வந்தது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லாததால் அவளை மாமியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு ராத்திரியும் பகலும் ரயிலில் ஆட்டம். குழந்தை தங்கவில்லை. மாமியார் ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகள் நடக்கிற நடை சரியில்லை, அதனால்தான் இப்படி என்று தெருவெல்லாம் சொன்னாள். இந்தத் தடவையும் அங்கேதான் போக வேண்டுமோ என்று செல்லக்கனிக்குப் பயம்.

மங்கைக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "நீ இன்னாத்துக்கு அங்க போற? உனுக்கு அம்மா வூடு நான்தான். புள்ள பெத்தப்பறம் கோழி அட்ச்சுப் போட நானாச்சு, உடம்பு தேத்தி உட நானாச்சு. இப்ப மொதல்ல நாக்குக்கு ருசியா ஒண்ணு எட்தாரேன், இரு."

மறுநாளே தன் கோழிகளில் கொழுத்த சேவல் ஒன்றை, காலைக் கட்டி, கூடையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். செல்லக்கனி ஆசை ஆசையாக மிளகு வறுத்து அரைத்தாள். குழம்பு கொதித்தது. ஒரு வாய் வைத்தவள் பின்கட்டுக்கு ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். தங்கப்பாண்டி ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"ஏட்டி, இது கோழியா கருவாடா? மீன்கூடையில அழுகிக் கிடந்ததைத் தூக்கித் தந்துட்டுப் போயிருக்கா. இவளையா நம்பி நீ இங்க பிள்ளை பெறப் போற? ஒரு கோழி ஒழுங்காக் கிடைக்காத ஊரு இது. ஏழாம் மாசம் ஊருக்கு ரயில் ஏறு, சொல்லிட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. முதல் குழந்தை போனதில் அவருக்கும் பயம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது.

செல்லக்கனி இதை மங்கையிடம் அழுதுகொண்டே சொன்னாள். மங்கைக்கு முதலில் தலைக்கு ஏறிய கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காலையில் கூவிக்கொண்டிருந்த சேவலை அழுகியது என்றால் யாருக்குத்தான் வராது? வீட்டுக்குப் போய் அதோடு ஒரே அடையில் பொரித்த இன்னொரு சேவலை அடித்துக் குழம்பு வைத்தாள். மோந்து பார்த்தாள். தின்று பார்த்தாள். புருஷனுக்குப் போட்டாள். பக்கத்துக் குடிசைச் சொக்கம்மாளைக் கூப்பிட்டு அவளுக்கும் போட்டாள்.

"மீன் வாடை வருதா, பார்த்துச் சொல்லுடி."

"கோழில இன்னாத்துக்குடி மீன் வாடை வரும்?" என்று சொல்லி, சொக்கம்மாள் இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினாள். குமாரவேல் வழக்கம்போலத் தலையை ஆட்டினார், அதற்கு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் கோபம் போய்ப் பழைய குணம் வந்தது. பொய் சொல்கிறவள் இல்லை செல்லக்கனி. நாங்களும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஒரே கறி ஒரு வாய்க்கு ஒரு மாதிரியும் இன்னொரு வாய்க்கு வேறு மாதிரியும் இருப்பது எப்படி? மறுநாள் மீன் விற்றதும் நேராகக் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே கோழி அறுத்து விற்கிற மஜீது பாய்க்கு அவளுடைய கேள்விகள் பழக்கம். அவள் தூரத்தில் வருவதைக் கண்டாலே இரண்டு கோழி முன்கூட்டியே அறுத்து வைத்துவிடுவார், பேச நேரம் வேண்டுமே.

"பாய், கோழில மீன் வாடை வருமா?"

"குப்பத்துக் கோழியா? வரும். மீனைத் துன்னு வளர்ந்த கறி வேற எப்டி இருக்கும்? அதனாலதான் நான் குப்பத்துக் கோழியே வாங்கறதில்ல. நானுன்னு இல்ல, இந்த மார்க்கெட்டுல யாரும் வாங்கறதில்ல."

மங்கை அப்படியே நின்றுவிட்டாள். "எல்லாருக்கும் தெர்யுமா?"

"எல்லாருக்கும் தெர்யும்."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் தெர்யல?"

"உங்க மூக்கு அதிலயே ஊறிக் கெடக்குது. உனுக்கு எப்டித் தெர்யும்?"

"சரி, தெர்ஞ்சவங்க இன்னாத்துக்கு இத்தினி வருசமா எங்ககிட்ட சொல்லல?"

மஜீது கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நீ கேக்கலியே."

உலகத்திலுள்ள எல்லாவற்றையும் கேட்டவள், இதை ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்கு நிறையவில்லை. கேட்காவிட்டால் சொல்லக்கூடாதா? பெருமை பீற்றிக்கொண்டு திரிந்த நாட்களில் ஒருத்தராவது, அடியே உன் கோழி நாறுதடி என்று சொல்லியிருக்கலாமே. அந்தக் கேள்வி முள்ளாக உள்ளே தைத்துக்கொண்டது. இப்போதைக்கு அதை ஓரமாக வைத்துவிட்டு அவசரமானதைக் கேட்டாள்.

"நல்ல கோழி வளர்க்க இன்னா செய்யணும்? எப்ப அறுக்கணும்?"

மீன் படாத இடத்தில் வளர்க்க வேண்டும் என்றார் மஜீது. எப்போது அறுப்பது என்பதற்குத் தொங்கிக்கொண்டிருந்த கோழி ஒன்றை எடுத்து, அதன் நெஞ்செலும்பின் கீழ்முனையை அழுத்திக் காட்டினார். "இது காது மடல் மாதிரி வளையணும். அதுக்கு மேல சதை கைக்கு நெறவாத் தட்டுப்படணும். வளைஞ்சு சதை இல்லன்னா பிஞ்சு, உட்டு வை. வளையவே இல்லன்னா முத்தல், உன் பல்லு உனுக்குச் சொந்தம் இல்ல."

மங்கை ஒரு கையால் கோழியின் எலும்பையும் மறு கையால் தன் காதையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சின் நடு எலும்பைத் தடவிப் பார்த்து, "நானு முத்திப் போனவ பாய்" என்றாள்.

குப்பத்தில் மீன் படாத இடம் என்று ஒன்று கிடையாது. அங்கே மணலைக் கொத்தினாலும் செதில்தான். அதனால் அடைக்கு உட்கார்ந்திருந்த தன் பெட்டையை முட்டைகளோடு கூடையில் தூக்கிக்கொண்டு அவள் செல்லக்கனியின் பின்கட்டுக்கே வந்துவிட்டாள். தங்கப்பாண்டி முகத்தைச் சுளித்தார். ஆனால் அவருடைய பழைய மரப்பெட்டிகளைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது, கோழி கறையானைத் தின்னும் என்று மங்கை சொன்னாள். கடைக்காரருக்குப் புரிகிற நியாயம் அது. பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அந்தப் பின்கட்டில் இரண்டு வளர்த்தி நடந்தது. செல்லக்கனியின் வயிறு ஒரு பக்கம், குஞ்சுகள் ஒரு பக்கம். எது முந்தும் என்பதுதான் மங்கையின் கவலையெல்லாம். குஞ்சுகளுக்குக் கடையில் கூட்டி அள்ளிய குருணையும் கம்பும் கேழ்வரகும் தீனி. மங்கை வரும்போது கூடையைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு, கை கால் கழுவி, புடவைத் தலைப்பை உதறிக்கொண்டுதான் உள்ளே வருவாள். அப்படியும் பெட்டைக்கோழிக்குத் தெரிந்துவிடும். பிறந்த வீட்டு வாசனை அல்லவா, ஓடி வந்து அவள் காலைச் சுற்றிக் கொத்தும். "போ சனியனே, உன்னால நான் கெட்ட பேர் எடுத்தது போதும்" என்று விரட்டுவாள்.

கோழி எப்போது தயாராகும் என்று அவள் கேட்காத ஆளில்லை. சேவல் என்றால் கூவணும், பெட்டை என்றால் முட்டை வைக்கத் தொடங்கும் முன்னால் அடிக்கணும் என்றாள் சொக்கம்மாள். பொரித்ததிலிருந்து ஆறு மாதம், காலண்டரைப் பாரு என்றார் தங்கப்பாண்டி. ரயில்வே கேட்காரர் மட்டும், கோழியின் காலைப் பிடித்துத் தூக்கினால் கனத்தில் நம்ம தோள் இறங்கணும் என்று கணக்குச் சொல்லிவிட்டு, அவள் அடுத்த கேள்வியைத் தொடங்கும் முன் கேட்டை மூடப் போய்விட்டார். மங்கை எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். தினமும் ஒரு குஞ்சைப் பிடித்துத் தூக்கி, எலும்பை அழுத்தி, கொண்டையைப் பார்த்து, சிறகைப் பிரித்துப் பார்த்துக் கீழே விடுவாள். குஞ்சுகள் அவளைக் கண்டாலே ஓடி ஒளிந்தன.

"ஏன்க்கா, அவசரப்படுத்தினா வளந்துருமா?" என்று செல்லக்கனி சிரிப்பாள். சிரிப்பு நிற்கும்போது கை தானாக வயிற்றுக்குப் போகும்.

ஏழாம் மாதம் வந்தது. ஊருக்குப் போகிற ஒருவரிடம் தன் தாய்க்குச் சொல்லியனுப்பிவிட்டார் தங்கப்பாண்டி. மறுநாள் எழும்பூருக்குப் போய் டிக்கெட் எடுப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு மங்கை வந்தபோது செல்லக்கனி பின்கட்டில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்க்கோழி தன் குஞ்சுகளைக் கொத்திக் கொத்தி விரட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இறக்கைக்குள் வைத்துக் காத்தது, இப்போது கிட்டே அண்டவிடவில்லை.

"பாருங்கக்கா, இதுக்கும் பிள்ளைக வேண்டாமாம்."

"வோணாம்னு இல்லம்மா. அதுங்க தானாத் துன்னக் கத்துகிச்சு. தாய் வேல முடிஞ்சுது, இனிமே அது மறுபடி முட்டைக்கு வரும்." சொல்லிக்கொண்டே மங்கை குஞ்சு ஒன்றைப் பிடித்தாள். எலும்பு வளைந்தது, ஆனால் சதையே இல்லை. தோலில் புது இறகு முள் முள்ளாக முளைத்திருந்தது. அடித்தால் ஒரு கைப்பிடி எலும்புதான் மிஞ்சும். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எதுவும் தேறவில்லை. நாளைக்கு டிக்கெட். அண்ணாச்சிக்கு இன்றைக்கே ஒரு நல்ல கோழிக்கறி காட்டியாக வேண்டும், அதுவும் மார்க்கெட்டில் வாங்காமல் அவளே வளர்த்த கோழியாக இருந்தால்தான் அவருக்கு அவள் மேல் நம்பிக்கை வரும். அவள் கண் தாய்க்கோழி மேல் போய் நின்றது.

அது அவள் குடிசையில் பொரித்து, அவள் கையில் வளர்ந்த கோழி. குப்பத்துக் கோழி. ஆனால் குஞ்சுகளோடு சேர்ந்து இத்தனை மாதமாக மீனையே பார்க்காமல் குருணை தின்ற கோழி. சாயம் போட்ட துணியைத் துவைக்கத் துவைக்க வெளுக்கிறதே, உடம்பில் ஏறிய வாடை இறங்காதா? இறங்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. இறங்காது என்றும் சொன்னதில்லை. இறங்காவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. அவளே மோந்து பார்த்துச் சொல்லலாம் என்றால் அவள் மூக்குக்குத் தெரியாது.

வழக்கம்போல அது ஓடி வந்து அவள் காலைச் சுற்றியது. மங்கை குனிந்து எடுத்தாள். இந்தத் தடவை சனியனே என்று திட்டவில்லை. அடித்து, இறகு பிடுங்கி, வாட்டி, கழுவித் தரும்வரை அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைச் செல்லக்கனி கவனித்தாள்.

முற்றின கோழி லேசில் வேகாது. பப்பாளிக்காய்த் துண்டு ஒன்று போடலாமா என்று மங்கை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் அந்தப் பேரைச் சொல்லலாமா என்று செல்லக்கனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கடைசியில் கொட்டாங்கச்சி போட்டால் கறி இளகும் என்றாள் மங்கை. கொட்டாங்கச்சி என்றால் என்ன என்று தெரியாமல் செல்லக்கனி விழித்தாள். கையில் எடுத்துக் காட்டியதும், "அட, சிரட்டை!" என்று அடுப்பில் கொதிக்கிற குழம்பில் போட்டாள். கொதித்தது, கொதித்தது, விறகு தீர்கிற வரைக்கும் கொதித்தது.

தங்கப்பாண்டி சாப்பிட உட்கார்ந்தார். செல்லக்கனி பரிமாறினாள். சமையல்கட்டுக்குள் மங்கை அதுவரை கால் வைத்ததில்லை, பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடலில் புயல் பார்த்தவள். புருஷனின் கட்டுமரம் திரும்பாத நாளில் கரையில் நின்றவள். அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். இடது பக்கம் மென்றதை வலது பக்கத்துக்கு மாற்றினார்.

"ஏட்டி, என்ன கறி இது? மாட்டுவண்டிக்குக் கட்டுத வாரு மாதிரில்லா இருக்கு."

செல்லக்கனியின் முகம் விழுந்துவிட்டது. பின்வாசலிலிருந்து குரல் வந்தது. "மீன் வாடை வருதா அண்ணாச்சி?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டை மூக்கருகே தூக்கினார். இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தார். "வாடையா? இல்லையே. பல்லுதான் போச்சு. வாடை ஒண்ணுமில்ல. குழம்பு நல்லாத்தான் இருக்கு."

சமைத்த கறியை வார் என்று சொன்னதற்குக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்த பெண் தேரடியில் மங்கை ஒருத்தியாகத்தான் இருப்பாள். "மெய்யாலுமேவா? மெய்யாலுமேவா அண்ணாச்சி? அது குப்பத்துக் கோழிதான்! உங்க பின்கட்டுல கெடந்துச்சே, அந்தத் தாய்க்கோழி! உங்கூட்டுக் குருணை துன்னு துன்னு வாடை எறங்கிப் போச்சு!"

தங்கப்பாண்டி கையில் எடுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்கட்டை எட்டிப் பார்த்தார். கருவாட்டு மூட்டை கிடந்த இடத்தைக் காலி செய்து காற்றாட விட்டுப் பிறகு சீனி மூட்டை அடுக்குகிறவர், அவருக்கு இது புரியாதா? தாயில்லாமல் திரிகிற குஞ்சுகளையும், நிலையைப் பிடித்து நிற்கிறவளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிச்சக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப அந்தக் குஞ்சுக எப்பம்மா கறிக்கு ஆகும்?"

"புள்ள பொறக்கறதுக்கு முந்தி ஆயிடும் அண்ணாச்சி."

"ம். அப்ப நாளைக்குக் கம்பு மூட்டை ஒண்ணு பிரிச்சு விடுதேன். குருணை மட்டும் பத்தாது."

மறுநாள் எழும்பூருக்குப் போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவர் கை கழுவப் போனதும் செல்லக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. பிழைத்தது மட்டுமல்ல, கடைக்கு வந்தவர்கள் பேரம் பேசுவது கேட்காத அளவுக்குக் கத்தியது. மங்கை மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டிலேயே தங்கினாள். இப்போது சமையல்கட்டு அவள் கையில். பத்தியத்துக்குக் கறி கொடுக்கலாம் என்ற நாள் வந்ததும் பின்கட்டுக்குப் போனாள். இன்னும் முட்டை வைக்காத ஒரு பெட்டையைப் பிடித்துத் தூக்கினாள். தோள் இறங்கியது. கொண்டை சிவக்கத் தொடங்கியிருந்தது. சதை கைக்கு நிறைவாக இருந்தது. எலும்பின் முனையை அழுத்தினாள், வளைந்தது. இன்னொரு கையால் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், சரிதான்.

பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுத் தண்ணீராக வைத்த குழம்பைச் செல்லக்கனி கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "எங்கம்மா வச்ச மாதிரி இல்லக்கா" என்றாள். மங்கைக்குத் திக்கென்றது. "ஆனா இதுவும் அம்மா வீட்டுக் குழம்புதான். இன்னொரு கரண்டி ஊத்துங்க."

செல்லக்கனி எழுந்து நடமாடத் தொடங்கியதும் மங்கை குப்பத்துக்குத் திரும்பினாள். குமாரவேல் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. குடிசைக்குள் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. இருந்த கோழிகளிலேயே கொழுத்த சேவலை அடித்து, தானே அம்மியில் மசாலா அரைத்து, மனிதர் குழம்பு வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கரண்டி பிடித்து அவள் பார்த்ததில்லை. வலைக்கயிறு அறுத்த விரல்களில் மிளகாய் எரிந்திருக்க வேண்டும், கையை ஊதிக்கொண்டே தட்டில் சோறு போட்டார். எல்லாத் துண்டிலும் பெரிய துண்டை அவளுக்கு வைத்தார்.

மங்கை எடுத்து வாயில் வைத்தாள்.

மீன். நன்றாகத் தெரிந்தது. செல்லக்கனி வீட்டில் குருணைக் கோழியே தின்று அத்தனை நாள் இருந்த நாக்கு, ஒரே கடியில் சொல்லிவிட்டது. இறால் தலையும் கருவாட்டுக் குடலும் சேர்ந்த வாடை. இத்தனை வருஷம் இதைத்தான் தின்றோமா, இதைத்தான் ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொன்னோமா? மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குமாரவேல் அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி ஒன்று கேட்டார்.

"இன்னாத்துக்கு மே, துன்னாம ஒக்காந்துகினு கீற? நல்லால்லியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எரிகிற விரலை வாயில் வைத்துக்கொண்டு, தேர்வு எழுதிய பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு எல்லாம் அவளிடம் இருந்தது: மீன், மூக்கு, குருணை, மஜீது பாய். தெரிந்தவர்கள் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அன்று மார்க்கெட்டில் தைத்த முள்ளும் அப்படியே இருந்தது.

"சூடுய்யா, வேற ஒண்ணுமில்ல" என்றாள் மங்கை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "நல்லாத்தான் கீது. இன்னொரு துண்டு போடு."